அப்பாவின் காது

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கல்லூரியில் சேர்ந்த முதல் நாள். மாணவர் விவரப் படிவம் ஒன்றைக் கையில் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். பெயர், ஊர், பிறந்த நாள் என்று தடையின்றி ஓடிய என் பேனா, ஒரு கட்டத்திற்கு வந்ததும் நின்றுவிட்டது. 'தந்தையின் தொழில்' என்று அங்கே அச்சிட்டிருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த மாணவன் 'ஆசிரியர்' என்று அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தான். நான் என் விரல் நகங்களைப் பார்த்தேன். இரண்டு முறை சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகாத கறுப்பு ஓரம்! கையை மடக்கிக்கொண்டு, 'வணிகம்' என்று எழுதினேன்.

நண்பர்களே, அது பொய். என் தந்தையார் வணிகர் அல்லர், மோட்டார் மெக்கானிக். அன்று எழுதிய பொய்யை இந்த ஆண்டு மலரின் பக்கங்களில் திருத்தி எழுதவே இக்கட்டுரை.

மூச்சும் நாடியும்

சீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, நம் தருமபுரியைக் கடந்து தொப்பூர்க் கணவாய் வழியாகச் சேலத்திற்கு இறங்குகிறது. அந்தச் சாலையோரத்தில், ஒரு புளிய மரத்தடியில், தகரக் கூரை போட்ட சிறு பட்டறை எங்களுடையது. பெயர்ப் பலகை கிடையாது. மரத்தடியில் நிற்கும் வண்டிகளே பலகை.

அப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சேலத்தில் ஒரு பட்டறையில் கையாளாகச் சேர்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, திட்டு வாங்கித் தொழில் கற்றார். அம்பாசிடரும் பத்மினியும் சாலையை ஆண்ட காலம் அது. 1957இல் பிறந்த அம்பாசிடர் 2014இல் தன் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. ஆனால் அதன் மூச்சுச் சத்தம் இன்னும் அப்பாவின் காதில் இருக்கிறது.

வண்டி பட்டறைக்குள் நுழைந்ததும் அப்பா ஸ்பேனரைத் தொடுவதில்லை. முதலில் கேள்விகள்தாம். "காலையில ஸ்டார்ட் ஆக மறுக்குதா, சூடானப்புறமா?" "நிக்கும்போது ஆஃப் ஆவுதா, ஏத்தத்துல திணறுதா?" "கடைசியா யாரு கை வெச்சாங்க?" அதன் பிறகு புகையைப் பார்ப்பார். கரும்புகை என்றால் பெட்ரோல் மிகுதி. நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. வெண்புகை விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. பிறகு பிளக்கைக் கழற்றி முனையைப் பார்ப்பார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்; வெளுத்திருந்தால் காற்று அதிகம்; செங்கல் பொடியைப் போலிருந்தால் உடம்பு நலம். நாடி பார்க்கும் வைத்தியருக்கும் என் தந்தைக்கும் என்ன வேறுபாடு? அவர் கையில் எண்ணெய்க் கறை இருக்கும், அவ்வளவே.

இவை எல்லாம் எனக்குச் சிறு வயதிலேயே தெரியும். ஆனால் இவற்றை அறிவு என்று நான் எண்ணியதில்லை. அறிவு என்பது புத்தகத்தில், அதுவும் தடித்த புத்தகத்தில் இருப்பது என்றே நினைத்திருந்தேன்.

வகுப்பறையில் ஒரு கார்ப்பரேட்டர்

முதலாண்டில் ஒருநாள் பேராசிரியர் பெர்னூலியின் தேற்றத்தை நடத்தினார். 1738இல் டேனியல் பெர்னூலி வெளியிட்ட நூலில் பிறந்த கருத்து அது. பாயும் பொருளின் வேகம் கூடும் இடத்தில் அதன் அழுத்தம் குறையும். கரும்பலகையில் நடுவே இடுப்புச் சிறுத்த ஒரு குழாயை வரைந்தார். அதற்கு வெஞ்சூரி என்று பெயர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இடுப்புச் சிறுத்த குழாயை நான் எத்தனை முறை மண்ணெண்ணெயில் கழுவியிருக்கிறேன்! அது கார்ப்பரேட்டரின் தொண்டை அல்லவா?

பிஸ்டன் கீழே இறங்கும்போது எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. காற்று அந்தக் குறுகிய தொண்டையில் விரைந்து பாய்கிறது; அங்கே அழுத்தம் விழுகிறது. பக்கத்துக் கிண்ணத்தில் மிதவை காத்து நிற்கும் பெட்ரோல், வெளிக்காற்றின் அழுத்தத்தால் உந்தப்பட்டு, ஊசித்துளை போன்ற ஜெட் வழியாகப் பீறிட்டுக் காற்றோடு கலக்கிறது. தொண்டைக்கு அப்பால் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. அதுதான் த்ராட்டில். நாம் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பெட்ரோலைத் திறந்துவிடுவதாக எண்ணுகிறோம். இல்லை! காற்றுக்குக் கதவு திறக்கிறோம். காற்றுத்தான் பெட்ரோலை அழைத்துக்கொண்டு போகிறது.

இந்த அழைப்புக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு கிராம் பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கும் மேற்பட்ட காற்று! வண்டி பெட்ரோலில் ஓடுகிறது என்று சொல்லும் நாம், அது குடிக்கும் காற்றை நினைப்பதே இல்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பெர்னூலியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காத்து வேகமாப் போனா எண்ணெயை இழுக்கும். அதானே? சரிதான்," என்றார். நான் உள்ளூரச் சிரித்துக்கொண்டேன். 'தேற்றம் தெரியாதவர்' என்று நினைத்தேன். அந்தச் சிரிப்புக்கு விலை கொடுக்கும் நாள் வந்தது.

அவசரப்பட்ட அறிவு

காலம் மாறிவிட்டது. 2000ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, கார்ப்பரேட்டர் புதிய கார்களிலிருந்து விடைபெறத் தொடங்கியது. அதன் இடத்தில் இன்ஜெக்டர் வந்தது. டேங்கினுள் மூழ்கிய மின்பம்பு, பல வண்டிகளில் 3 பார் அளவு அழுத்தத்தில் பெட்ரோலை அனுப்புகிறது. எவ்வளவு காற்று நுழைகிறது என்பதைச் சென்சார்கள் சொல்ல, ஒரு கணினிப் பெட்டி இன்ஜெக்டரைச் சில மில்லி விநாடிகள் மட்டும் திறந்து மூடுகிறது. எரிந்தது சரியா என்று புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் திருப்பிச் சொல்கிறது. 2020 ஏப்ரல் முதல் நாளில் பி.எஸ். 6 விதிகள் வந்த பின் இந்தக் காவல் இன்னும் கடுமையாயிற்று.

அப்பாவுக்கு இந்தப் பெட்டியின் மொழி புரியவில்லை. எனக்குப் புரியும் என்று நான் நம்பினேன். கைபேசியோடு இணையும் சிறு ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன். வண்டியில் செருகினால் குற்றத்தின் எண்ணைத் திரையில் காட்டும். பட்டறையில் என் மதிப்பு உயர்ந்தது. 'படிச்ச புள்ள' என்று ஓட்டுநர்கள் என்னைத் தேடி வந்தார்கள்.

சென்ற ஆண்டு ஆடிப்பெருக்கு. அப்பா அம்மாவோடு ஒகேனக்கலுக்குப் போயிருந்தார். பட்டறையில் நான் மட்டும். காலையில் ஒரு வாடகைக் கார் வந்தது. கடன் வாங்கிக் கார் எடுத்து, அதை ஓட்டியே கடனை அடைத்து வரும் ஓட்டுநர். "தம்பி, சிக்னல்ல நிறுத்தினா நடுங்கி ஆஃப் ஆயிடுது. பிரேக்கும் கொஞ்சம் கெட்டியா இருக்குது," என்றார்.

"பிரேக்கை அப்பா வந்து பார்ப்பாருங்கண்ணா. எஞ்சினை நான் பார்க்கிறேன்," என்று சொல்லி ஸ்கேனரைச் செருகினேன். 'கலவை மெலிவு' என்று காட்டியது. அதாவது காற்றோடு ஒப்பிட, பெட்ரோல் போதவில்லை. பெட்ரோல் போதவில்லை என்றால் பம்பு தளர்ந்துவிட்டது என்பதுதானே பொருள்? ஒரு நிமிடத்தில் முடிவு கட்டினேன்! அழுத்தத்தை அளந்து பார்க்கும் மானி பட்டறையில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைக்கூட எடுக்கவில்லை. ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் புதுப் பம்பு வாங்கிவரச் சொன்னேன். அவர் யாரிடமோ கைபேசியில் கடன் கேட்டது என் காதில் விழுந்தது. பம்பை மாற்றி, குற்ற எண்ணை அழித்தேன். விளக்கு அணைந்தது. சிறிது நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன், நடுக்கம் இல்லை. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான்காம் நாள் மாலை அந்தக் கார், இன்னொரு வண்டியின் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டு வந்து நின்றது.

சேலம் மருத்துவமனைக்கு ஒரு முதிய தம்பதியை ஏற்றிச் சென்றிருக்கிறார். தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில், முன்னே ஒரு லாரி வேகம் குறைத்தது. இவர் கிளட்சை மிதித்து பிரேக்கில் கால் வைக்க, எஞ்சின் நடுங்கி அணைந்துவிட்டது. பிரேக் கல்லாயிற்று! இரண்டு காலாலும் மிதித்திருக்கிறார். முதல் கியருக்குத் தள்ளி, கை பிரேக்கை இழுத்து, ஓரத்து மண்ணில் ஏற்றி நிறுத்தியபோது லாரிக்கும் காருக்கும் இடையே ஓர் ஆள் நிற்கும் இடம்தான் இருந்ததாம்.

அவர் என்னைத் திட்டவில்லை. "பெரியவங்க ரெண்டு பேரும் பின்னால இருந்தாங்க தம்பி," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

காது சொன்ன தீர்ப்பு

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. ஓட்டுநரிடம் தம் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். ஏற்றத்தில் எப்படி இழுக்கிறது? "குதிரையாட்டம் போவுதுங்க." நிற்கும்போது? "அப்பத்தான் சாவுது." பிரேக் எப்போதிலிருந்து கெட்டி? "ரெண்டும் ஒண்ணாத்தான் ஆரம்பிச்சுது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பெட்ரோல் பத்தலைன்னா ஏத்தத்துலதானே மொதல்ல திணறணும்? அங்க நல்லாப் போவுது, நிக்கும்போது சாவுது. அப்ப இது பசி இல்ல சாமி, ஓட்டை."

முதலில் எஞ்சினை அணைத்தபடியே பிரேக்கைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்கினார். காலை எடுக்காமல் எஞ்சினை எழுப்பச் சொன்னார். நல்ல வண்டியில் அப்போது மிதி சற்றுக் கீழே இறங்கும். இறங்கவில்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை காத்திருந்தார். ஒரு முழ நீள ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை எஞ்சினின் மேலே மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் கை நின்றது. கண்களை மூடிக்கொண்டார். குழாயை என் காதில் வைத்தார்.

'ஸ்ஸ்ஸ்...' பாம்பு சீறுவது போன்ற மெல்லிய ஒலி!

எஞ்சினின் உறிஞ்சு விசையைப் பிரேக் பூஸ்டருக்குக் கொண்டு செல்லும் தடித்த ரப்பர்க் குழாய் அது. அடிப்பக்கம், கிளிப்பை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு விரிசல். எஞ்சினை ஒட்டிய முனையில் அப்பா அந்தக் குழாயை மடக்கி இடுக்கியால் அழுத்தினார். நடுங்கிக்கொண்டிருந்த எஞ்சின், தூளியில் படுத்த குழந்தை போல அமைதியாயிற்று. விட்டார், மறுபடி நடுங்கியது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். பெட்ரோலுக்கும் காற்றுக்கும் உள்ள விகிதம் ஒரு பின்னம். பின்னம் சிறுக்கிறது என்றால், மேலே இருப்பது குறைந்திருக்கலாம். அல்லது கீழே இருப்பது கூடியிருக்கலாம். நான் மேலே இருப்பதை மட்டும் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பில் வரும் பாடம் இது! எஞ்சின் சும்மா ஓடும்போது த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். உறிஞ்சு விசை மிகும். நுழையும் காற்றோ கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் விரிசல் வழியே திருட்டுத்தனமாய் நுழையும் காற்றின் பங்கு பெரிது. ஏற்றத்தில் த்ராட்டில் அகலத் திறந்திருக்கும். உறிஞ்சு விசை குறையும். அந்தப் பங்கு கடலில் கரைத்த பெருங்காயமாகிவிடும். அதே விரிசல்தான் பிரேக் பூஸ்டருக்குச் சேர வேண்டிய விசையையும் கசியவிட்டது. குளிர்ந்த எஞ்சினில் நான் சோதித்த வேளையில் விரிசல் வாய் மூடியிருந்தது. சூட்டில் ரப்பர் இளகி வாய் திறந்தது. இரண்டு நோய் என்று நான் பிரித்தது ஒரே நோய். ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. நோய்க்குறியை அது சொன்னது. நான் அதைக் காரணம் என்று எடுத்துக்கொண்டேன். நோயை அறிவது வேறு, நோயின் மூலத்தை அறிவது வேறு என்று வள்ளுவர் பிரித்துக் காட்டியதை வகுப்பில் கேட்டுத் தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியவன் நான்!

புதுக் குழாயின் விலை முந்நூறு ரூபாய்கூட இல்லை. அதை மாற்றிய பின் அப்பா தகரப் பெட்டியைத் திறந்தார். கல்லூரி விடுமுறையில் நான் உழைத்ததற்குத் தனியே முடிந்து வைத்திருந்த பணம் அதில் இருந்தது. "பம்பு காசை அவருகிட்ட குடு," என்றார். ஓட்டுநர் வேண்டாம் என்று மறுத்தார். "வாங்கிக்குங்க. இவன் படிச்சதுக்கு ஃபீசு," என்றார் அப்பா. அந்த நோட்டுகளை எண்ணிக் கொடுக்கும்போது என் கை நடுங்கியது. கல்லூரியில் கட்டிய எந்தக் கட்டணமும் எனக்கு அவ்வளவு பாரமாக இருந்ததில்லை.

ஆய்வுக்கூடத்து முள்

இதன் பிறகு நான் ஸ்கேனரைத் தொடவே கூசினேன். அப்பா அதையும் கவனித்திருக்க வேண்டும்.

கார்த்திகை மாதத்தில் ஒரு பழைய எம்.பி.எஃப்.ஐ. கார் வந்தது. ஆக்சிலேட்டரைக் கேபிள் இழுக்கும் வகை. எல்லா வேகத்திலும் நன்றாக ஓடியது. ஒரே ஒரு நிலையில் மட்டும் குத்துவது போல் ஜெர்க் அடித்தது. அப்பா த்ராட்டில் பாடியைக் கழற்றித் தகட்டின் ஓரத்துக் கரியைத் துடைத்தார். ஃபில்ட்டர் மாற்றினார், பிளக்குகளைப் பார்த்தார், பம்பின் அழுத்தத்தை அளந்தார். ரப்பர்க் குழாயை வைத்துக் கேட்டார். எங்கும் கசிவில்லை. இரண்டு நாள் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "உன் படிப்புல இதுக்கு ஏதாவது இருக்குதா சாமி?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டியிருந்தது என்பதை இன்று உணர்கிறேன்.

அந்த வாரந்தான் ஆய்வுக்கூடத்தில் பொட்டென்ஷியோமீட்டர் சோதனை செய்திருந்தேன். நீண்ட கம்பி, அதன்மேல் நகரும் ஒரு தொடுமுனை. முனை நகர நகர மின்னழுத்தம் சீராக மாறும். த்ராட்டில் தகட்டின் அச்சில் ஒட்டியிருக்கும் சென்சாரும் அதுவே அல்லவா? மூன்று கம்பிகள்: ஒன்றில் 5 வோல்ட், ஒன்று பூமி, நடுவில் ஒன்று செய்தி. கதவு மூடியிருந்தால் அரை வோல்ட் அளவு. முழுதும் திறந்தால் நாலரை வோல்ட் அளவு. நகரும் முனை எந்த இடத்தில் ஓயாமல் உரசுகிறதோ அங்கே தடம் தேயும்.

எண் காட்டும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. பேராசிரியரிடம் சொன்னபோது, "ஒரு நொடிக்குள் நடந்து முடிவதை அது சராசரி ஆக்கிவிடும். முள் உள்ள மீட்டரை வைத்துப் பார்," என்றார். அப்படி ஒன்று அப்பாவின் மரப்பெட்டியிலேயே கிடந்தது! சாவியை மட்டும் திருப்பி, எஞ்சினை எழுப்பாமல், த்ராட்டிலை மயிரிழை மயிரிழையாகத் திறந்தேன். முள் சீராக ஏறியது... ஏறியது... ஓரிடத்தில் சட்டென்று விழுந்து மீண்டும் எழுந்தது. மறுபடி செய்தேன். அதே இடத்தில் விழுந்தது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டும் ஓட்டுநரின் கால் வழக்கமாகத் தங்கும் இடம் அது.

அப்பா குனிந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க நாடி விட்டுப் போவுதுடா!" என்றார். அவர் முகத்தில் அன்று கண்ட மகிழ்ச்சி, என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தபோதுகூட நான் கண்டதில்லை.

சென்சாரை மாற்றினோம். ஜெர்க் போயிற்று. ஆனால் பம்பும் பிளக்கும் கசிவும் காரணம் இல்லை என்று அப்பா ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்திருக்காவிட்டால், என் முள் எங்கே தேடியிருக்கும்? பாதி வழியை அவர் நடந்து முடித்திருந்தார். மீதியை நான் நடந்தேன்.

திருத்தம்

பெட்ரோலே இல்லாத மின்சாரக் கார்கள் எங்கள் புளிய மரத்தைக் கடந்து ஓசையின்றிப் போகின்றன. அவற்றில் ஜெட்டும் இல்லை, த்ராட்டில் தகடும் இல்லை, கேட்பதற்கு மூச்சும் இல்லை. அப்பா அவற்றை நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் குனிந்துகொள்கிறார். அவருடைய காதுக்கு நாளை என்ன வேலை என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் கேள்வி கேட்காமல் முடிவு கட்டாதே, அளக்காமல் மாற்றாதே, தவறினால் காசைத் திருப்பிக் கொடு என்ற மூன்றும் எந்த வண்டிக்கும் பொருந்தும். எந்த ஆய்வுக்கூடத்திற்கும் பொருந்தும்.

நண்பர்களே! நம்மில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நம் வீடுகளில் பட்டம் இல்லை. ஆனால் அறிவு இருந்தது. நெசவிலும் உழவிலும் சமையலிலும் உலைக்களத்திலும் அது பெயரில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் சொல்லக் கற்றுக்கொள்ளவே நாம் இங்கு வந்திருக்கிறோம். அதை மறைப்பதற்கு அன்று.

இந்த ஆண்டு கல்வி உதவித்தொகைக்காக மீண்டும் ஒரு படிவம் நிரப்பினேன். அதே கட்டம் வந்தது. 'தந்தையின் தொழில்' என்பதற்கு எதிரே, 'மோட்டார் மெக்கானிக்' என்று தெளிவாக எழுதினேன். அன்று காலைதான் ஒரு கார்ப்பரேட்டரைக் கழுவியிருந்தேன். படிவத்தின் ஓரத்தில் என் கட்டைவிரலின் கறுப்பு ரேகை பதிந்துவிட்டது. அழிக்க முயலவில்லை; அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன்.